ஐயத்துக்குரிய சேலை

சென்ற ஆண்டு தை மாதம் ஒரு திங்கட்கிழமை, மைசூர்ப் பக்கம் கொள்ளேகாலைச் சேர்ந்த ராமக்காள் என்பவர் ஓர் இயந்திரம் என்று அரசாங்க முறைப்படி அறிவிக்கப்பட்டார். அறிவிப்பு வெளியான வேளையில் இயந்திரம் வீட்டு வாசலில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தது.

எங்கள் ஊரில் நான்கு பேர் நின்று பேசினால் அதில் இரண்டு பேர் பட்டுத் தொழிலில் இருப்பார்கள். மூன்றாமவர் பட்டுக்குக் கடன் கொடுத்தவர். நாலாமவர் மைசூர் பஸ்ஸுக்கு நிற்பவர். இப்படிப்பட்ட ஊரில் ராமக்காளைத் தெரியாதவர் கிடையாது. அவர் கைத்தறியில் நெய்த சேலையைக் கடைக்காரர்கள் பிரித்துப் பார்ப்பதில்லை. பார்த்தால் நேரம் வீண். கரை நேராக இருக்கும், பூ பூவின் இடத்தில் இருக்கும், இழை ஒன்றுகூடத் தப்பியிருக்காது.

அவர் வீட்டில் இன்னொரு தறியும் உண்டு. அது அவருடைய கணவர் தொட்டையனுடையது. தொட்டையன் நல்ல மனிதர். தறியில் உட்கார்ந்தபடி அரசியல் பேசுவார், தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டு நலம் விசாரிப்பார், நடுநடுவே நெய்வார். அவர் நெய்த கரை மாதேஸ்வரன் மலைப் பாதையைப் போல வளைந்து வளைந்து போகும். கல்யாணமான நாள் முதல் ராமக்காள் அவரை இதற்காகத் திட்டிவந்தார். தொட்டையனும் மறுப்புச் சொல்லாமல் கேட்டுக்கொண்டு, மறுபடியும் வளைத்து நெய்துவந்தார். குடும்பம் சுமுகமாக நடந்தது.

அந்த நிலையில்தான் மைசூரில் ரூபா என்ற பெண் ஒரு வீடியோ போட்டார். பட்டுச்சேலை கட்டிக்கொண்டு செல்போனைப் பார்த்துப் பேசுவது அவருடைய தொழில். அன்று அவர் கட்டியிருந்த சேலையில் ஓர் இழை விட்டுப்போயிருந்தது. அதை மறைக்க வழியில்லாமல், "பாருங்க, இதுதான் கைத்தறியோட ஆன்மா. மெஷின் தப்பே பண்ணாது. தப்பு இருந்தாத்தான் மனுஷன் நெய்ஞ்சது" என்று சொல்லிவிட்டார். பல லட்சம் பேர் அதைப் பார்த்தார்கள். அவர்களில் ஒருவர் ஹேமந்த்.

மைசூரில் கைத்தறி உண்மைத்தன்மை உறுதிப்பாட்டு மண்டல அலுவலகம் என்று ஓர் அலுவலகம் இருந்தது. ஹேமந்த் அதன் துணை இயக்குநர். விசைத்தறிச் சேலையைக் கைத்தறி என்று விற்பதைத் தடுப்பதற்காக அதைத் திறந்திருந்தார்கள். எப்படித் தடுப்பது என்று மட்டும் யாரும் சொல்லியிருக்கவில்லை. ஹேமந்த் அக்கறையுள்ளவர், கோபப்படத் தெரியாதவர். வழி தெரியாமல் தவித்துக்கொண்டிருந்தவருக்கு ரூபா வழிகாட்டிவிட்டார். அடுத்த வாரமே சுற்றறிக்கை வந்தது. கன்னடத்தில் இருந்த அதன் சாரம் இது:

'மனிதக் கரங்களால் நெய்யப்பட்ட துணியில் மனிதத்தன்மை காணப்படுதல் இன்றியமையாதது. மனிதத்தன்மையானது பிழையினால் அறியப்படும். பிழை உள்ள சேலைக்கு மெய்க் கைத்தறி என்ற பச்சை முத்திரை வழங்கப்படும். பிழை காணப்படாத சேலை, மனிதரால் நெய்யப்பட்டதாகக் கருத இயலாமையால், ஐயத்துக்குரியது என்ற சிவப்பு முத்திரை பெறும்.'

முதல் பரிசோதனை சந்துருவின் ஜவுளிக்கடையில் நடந்தது. ராமக்காளும் தொட்டையனும் நெய்கிற சேலைகளை வாங்கி விற்பவர் சந்துருதான். ஹேமந்த் பூதக்கண்ணாடியோடு வந்து உட்கார்ந்தார். ராமக்காளின் சேலையை முந்தியிலிருந்து கடைசி வரை பார்த்தார். திரும்பவும் பார்த்தார். பெருமூச்சு விட்டார். சிவப்பு முத்திரையைக் குத்தினார். அடுத்ததாகத் தொட்டையனின் சேலையைப் பிரித்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"ஆஹா! இங்க பாருங்க, கரை ஒடிஞ்சிருக்கு. இங்க ரெண்டு இழை போச்சு. இந்த மயிலுக்குக் காலே இல்ல! யாரு நெய்ஞ்சது இது?"

சந்துருவுக்கு வியர்த்தது. "சார், அது... வெலை கொறைச்சுத்தான் எடுப்போம் சார்..."

"எதுக்குக் கொறைக்கணும்? இது பொக்கிஷம் அல்வா?"

ஹேமந்த் மைசூர்த் தமிழர். உற்சாகம் வந்தால் வாக்கியத்தை 'அல்வா' என்றுதான் முடிப்பார். கன்னடத்தில் அதற்கு 'இல்லையா' என்று பொருள். தமிழில் என்ன பொருள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

செய்தி கேட்டதும் ராமக்காள் அவரைக்காயை அப்படியே போட்டுவிட்டுக் கடைக்கு வந்தார். தன் சேலைமேல் இருந்த சிவப்பு முத்திரையைப் பார்த்தார்.

"ஏனுங்க சார், நானென்ன மெசினுங்களா?"

"தப்பா தெரிஞ்சுக்காதீங்கம்மா. நான் உங்களைச் சொல்லல. சேலைதான் அப்படிச் சொல்லுது."

"என்ற வூட்டுக்கு வாங்க. நான் நெய்யறதக் கண்ணுல பாருங்க."

ஹேமந்த் தட்டாமல் வந்தார். தறிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஊடிழையை இழுத்துக்கொண்டு நாடா இப்படியும் அப்படியும் ஓடியது. ராமக்காளின் கால் மிதியில் ஏறி இறங்கியது. துணி விரல் விரலாக வளர்ந்தது. ஹேமந்துக்குக் கண் கலங்கிவிட்டது.

"என்ன கை அம்மா உங்க கை!"

"இப்ப நம்பறீங்களா?"

"நான் முழுக்க நம்பறேன். ஆனா அது என் சொந்த அபிப்பிராயம். ஆபீஸ் நம்பணும்னா பிழை வேணும். கண்ணால பாக்கறது ரூல்ஸ்ல இல்லம்மா."

மாசி மாதக் கல்யாணங்கள் நெருங்கிக்கொண்டிருந்தன. பச்சை முத்திரை இல்லாத சேலையை வாங்க மைசூர் வியாபாரிகள் மறுத்தார்கள். சந்துரு தலையைச் சொறிந்தபடி, "அக்கா, ஒரே ஒரு தப்பு பண்ணிடுங்களேன். உங்களுக்குத் தெரியாத வேலையா?" என்றார். தனக்குத் தெரியாத வேலை அதுதான் என்பது ராமக்காளுக்கு அப்போது தெரியாது.

தறியில் உட்கார்ந்து ஓர் இழையை விட்டுவிட்டுப் போகப் பார்த்தார். கால் நின்றுவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு நெய்தார். சரியாக வந்தது. டிவியில் சீரியலைச் சத்தமாக வைத்துக்கொண்டு நெய்தார். சீரியலில் மாமியார் கதாபாத்திரம் படியில் உருண்டு விழுந்தபோதும் கரை ஆடவில்லை. கடைசியில் பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரு பூவின் இதழை வேண்டுமென்றே விட்டு நெய்து அனுப்பினார். சேலை சிவப்பு முத்திரையோடு திரும்பி வந்தது.

அதையும் எடுத்துக்கொண்டு மைசூர் அலுவலகத்துக்கே போனார்.

"தப்பு இருக்குதுங்களே சார்!"

ஹேமந்த் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். "இருக்கு. ஆனா எல்லாப் பூவுலயும் அதே எடத்துல, அதே இதழ். இது தப்பு இல்லம்மா, டிசைன். இயல்பான பிழை தெரியாம நடக்கணும்."

"தெரியாமப் பண்றதுக்கு எப்படிங்க சார் தெரிஞ்சுக்கறது?"

ஹேமந்த் இந்தக் கேள்வியைப் பாராட்டினார். உண்மையில் அவர் இதைப் பற்றி ஏற்கெனவே யோசித்து, 'பிழைத்திறன் மேம்பாட்டுப் பயிலரங்கம்' ஒன்றுக்கு மேலிடத்தில் அனுமதியும் வாங்கியிருந்தார். உணவு, தேநீர், பயணப்படி உண்டு. பிழையில்லாமல் நெய்யும் நெசவாளர்கள் அனைவரும் கலந்துகொள்ளலாம். பயிற்றுநராக ஒரு தலைசிறந்த வல்லுநர் அழைக்கப்பட்டிருந்தார்.

வல்லுநரை அழைத்துப்போக ராமக்காளின் வீட்டு வாசலுக்கே ஜீப் வந்தது. அதில் அரசு ஊழியரும் அழைக்கப்பட்ட வல்லுநரும் மட்டுமே ஏறலாம் என்பதால் ராமக்காள் பஸ்ஸில் போனார்.

மைசூரில் மின்விசிறி போட்ட மண்டபம். உப்பிட்டு என்கிற உப்புமாவும் கேசரி பாத்தும் தந்தார்கள். முதல் வரிசையில் ராமக்காள் உட்கார்ந்திருந்தார். மேடையில் பொன்னாடை போர்த்தப்பட்டு, கையில் மைக்கோடு தொட்டையன் நின்றார். கீழே பார்த்தால் மனைவி முகம் தெரிந்தது. மேலே பார்த்துக்கொண்டே பேசினார்.

"முக்கியமானது என்னன்னாங்க... நெய்யறப்ப நெய்யறதப் பத்தி நெனைக்கக் கூடாதுங்க. நான் டீயப் பத்தி நெனைப்பனுங்க."

எல்லோரும் எழுதிக்கொண்டார்கள்.

"டீ குடிச்சதுக்கப்புறம்?" என்று ஒருவர் எழுந்து கேட்டார்.

"அடுத்த டீயப் பத்திங்க."

பலத்த கைதட்டல். ஹேமந்த் இதைக் கரும்பலகையில் 'கவனச் சிதறலின் தொடர்ச்சி' என்று எழுதி, அடிக்கோடிட்டார். மாலையில் பங்கேற்புச் சான்றிதழ் கொடுத்தார்கள். அதில் ராமக்காளின் பெயர் ராமக்கல் என்று அச்சாகியிருந்தது. அவர் அதைச் சுட்டிக்காட்டினார். ஹேமந்த் மகிழ்ச்சியோடு, "பாத்தீங்களா, இப்படித்தான் இயல்பா வரணும்" என்றார்.

ஊருக்குத் திரும்பியபின் ராமக்காள் சில நாள் தறிப்பக்கமே போகவில்லை. சிவப்பு முத்திரை குத்திய சேலைகள் பீரோவுக்குள் அடுக்கிக் கிடந்தன. கோயிலுக்குப் போனால், "உன்ற சேல ஃபெயிலாயிடுச்சாமா?" என்று பெண்கள் துக்கம் விசாரித்தார்கள். அவர் விபூதியை வாங்கிக்கொண்டு வந்துவிடுவார். தன் கையை அடிக்கடி திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொள்வார். அது யாருடைய கை என்பதுபோல் பார்ப்பார்.

ஒரு நாள் தொட்டையன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"புள்ள, நான் ஒண்ணு சொன்னா நம்புவியா? நான் ஒருக்காலும் வேணும்னு தப்புப் பண்ணுனதில்ல. உன்னாட்டம் நெய்யோணும்னுதான் ஒவ்வொரு தடவையும் உக்காருவேன்."

ராமக்காள் அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"மேடையில அந்தப் பொன்னாடையப் போத்துனப்ப எனக்கு ஒரே வெக்கமாப் போச்சு. நீ திட்டுனப்பகூட அவ்வளவு வெக்கம் வரல."

ராமக்காளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "டீ போடட்டுங்களா?" என்று மட்டும் கேட்டார். அன்று அவர் கணவரைத் திட்டவில்லை. அதற்குப் பிறகும் கொஞ்ச காலம் திட்டவில்லை. தொட்டையனுக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது.

இந்தச் சமயத்தில், பிழை வல்லுநர் தொட்டையனைப் படம் பிடிப்பதற்காக ரூபாவே கொள்ளேகாலுக்கு வந்துசேர்ந்தார். வீட்டுக்குள் நுழைந்தவர் திறந்திருந்த பீரோவைப் பார்த்தார்.

"ஆன்ட்டி, இதுல என்ன ரெட்டா?"

"கவுருமெண்டு முத்திரைங்க. அவிய நம்பலீங்களாம்."

ரூபாவின் கண் விரிந்தது. "கவர்மெண்டே நம்பலையா? மனுஷங்க நெய்ஞ்சதுன்னே நம்ப முடியாத சேலையா? ஆன்ட்டி, ஒரு நிமிஷம் அப்படியே நில்லுங்க!"

தொட்டையன் சட்டைக்கு மேல் பொன்னாடை போட்டுக்கொண்டு வெளியே காத்திருந்தார். அவரை யாரும் கூப்பிடவில்லை. இரண்டு நாளில் மைசூர் முழுக்க ஒரே பேச்சு. 'அரசாங்கமே சந்தேகப்பட்ட அழகு' என்று ரூபா வீடியோவுக்குத் தலைப்பு வைத்திருந்தார். குவெம்புநகரிலும் சரஸ்வதிபுரத்திலும் கல்யாண வீட்டுப் பெண்கள் ஒருவர் முந்தியை ஒருவர் புரட்டிப் பார்த்துக்கொண்டார்கள். பச்சை முத்திரை கட்டியவர்கள் பந்தியில் ஓரமாக உட்கார்ந்தார்கள்.

சந்துரு மூச்சிரைக்க ராமக்காள் வீட்டுக்கு ஓடிவந்தார். "அக்கா, பீரோவுல இருக்கிற அத்தனையும் குடுங்க! எல்லாமே ஃபெயில்தானே? ஒண்ணுகூடப் பாஸ் இல்லையே?"

"எல்லாமே ஃபெயிலுதான்" என்றார் ராமக்காள், பல நாளைக்குப் பிறகு தலை நிமிர்ந்து.

பீரோ காலியானது. ராமக்காள் மறுபடி தறியில் உட்கார்ந்தார். சனி விட்டது என்று நினைத்தார். ஆனால் ஊரில் மற்றவர்களும் சும்மா இருக்கவில்லை. மைசூர் அலுவலகத்தின் முன்னால் ஃபெயிலாவதற்கு வரிசை நின்றது. தொட்டையனும் நின்றார்.

"சார், எப்படியாச்சும் ஃபெயில் பண்ணிக் குடுங்க சார்."

ஹேமந்த் சேலையைப் பிரித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "எப்படி ஃபெயில் பண்றது? அற்புதமாத் தப்பு பண்ணியிருக்கீங்க. மனசாட்சி ஒத்துக்காது அல்வா?"

ஃபெயிலாக வேண்டுமானால் பிழை இல்லை என்பதை நிரூபிக்க வேண்டும். அதனால் அலுவலகத்தில் பிழையின்மையைக் கண்டறிய ஒரு தனிப் பிரிவு திறந்தார்கள். ஆறு பேரை வேலைக்கு எடுத்தார்கள். அவர்கள் சேலையை மேசைமேல் விரித்து, கரை நேராக இருக்கிறதா, இழை சரியாக இருக்கிறதா என்று காலை முதல் மாலை வரை பார்த்தார்கள். இதே வேலையை முன்பு சேலை வாங்க வருகிறவர்கள் கடையில் நின்றபடி, காபி ஆறுவதற்குள் பார்த்துவந்தார்கள்.

இதில் முழு வெற்றி பெற்றவர் மஞ்சுநாத். அவர் ஊர் எல்லையில் விசைத்தறி வைத்திருந்தார். அவருடைய மெஷின்கள் தப்பே செய்யாது. கொண்டுவந்த சேலையெல்லாம் தடையில்லாமல் சிவப்பு முத்திரை வாங்கின. அந்த அலுவலகம் தன் சரித்திரத்தில் நியாயமாகச் சந்தேகப்பட்ட சேலைகள் அவை மட்டும்தான். சந்துரு கடையில் அவை ராமக்காளின் சேலைகளோடு ஒரே அலமாரியில் உட்கார்ந்தன. இரண்டுக்கும் ஒரே முத்திரை என்பதால் இரண்டையும் யாரும் பிரித்துப் பார்க்கவில்லை.

ராமக்காள் பார்த்தார். மஞ்சுநாத்தின் சேலையை எடுத்து விரலால் தடவினார். "இது மெசினு" என்றார்.

"அக்கா, மெதுவாச் சொல்லுங்க" என்றார் சந்துரு. "ரெண்டுலயும் அரசாங்க முத்திரை இருக்குது. நாம என்னத்தச் சொல்றது?"

விசைத்தறிச் சேலை அமோகமாக விற்பதாகப் பெங்களூருக்குப் புகார் போனது. அங்கே மூன்று கூட்டம் போட்டார்கள். பச்சை முத்திரையை நிறுத்தலாம் என்றார் ஒருவர். சிவப்பை நிறுத்தலாம் என்றார் இன்னொருவர். மூன்றாவது கூட்டத்துக்கு உயரதிகாரிகள் யாரும் வராததால் சரியான முடிவு எடுக்கப்பட்டது. முத்திரை முறை முழுவதும் விலக்கிக்கொள்ளப்படுகிறது. துணியின் தன்மையை வாங்குவோர் தாமே பார்த்து அறிந்துகொள்ளலாம் என்று உத்தரவு வந்தது.

கொள்ளேகாலில் பட்டாசு வெடித்தோம். ஹேமந்தே நேரில் வந்து, ராமக்காள் கையில் பூச்செண்டு கொடுத்து, "நீங்க இனிமே மனுஷிதாம்மா" என்றார். அவர் உண்மையான மகிழ்ச்சியோடுதான் சொன்னார்.

மறுநாள் மைசூரிலிருந்து ஒரு தம்பதி கடைக்கு வந்தார்கள். பெண்ணுக்குக் கல்யாணம். ராமக்காள் அப்போது புதுச்சேலையோடு கடையில்தான் இருந்தார். சந்துரு அதையே பிரித்துப் போட்டார். அந்த அம்மாள் முந்தியைப் புரட்டினார். கரையைப் புரட்டினார். நான்கு மூலையையும் புரட்டினார்.

"முத்திரை எங்கே?"

"எடுத்துட்டாங்கம்மா. இனிமே நீங்களே பாத்து வாங்கலாம்."

"சரி, இது பாஸா, ஃபெயிலா?"

"நல்ல சேலைம்மா."

"அது சரிப்பா. பாஸா, ஃபெயிலா?"

சந்துரு சேலையை இன்னொரு முறை விரித்துக் காட்டினார். அவர்கள் எழுந்து போனார்கள். அதன்பின் வந்தவர்களும் அப்படியே எழுந்து போனார்கள். பங்குனி முடிவதற்குள் ராமக்காளின் பீரோ பழையபடி நிறைந்தது. இந்த முறை சேலைமேல் ஒன்றும் இல்லை. திட்டுவதற்கு ஒரு முத்திரைகூட இல்லை.

அக்காள் மகனுக்குச் சித்திரையில் கல்யாணம். மாப்பிள்ளைக்குப் பட்டு வேட்டி எடுக்க ராமக்காள் தொட்டையனோடு சந்துரு கடைக்குப் போனார். நல்ல வேட்டி. கையில் எடுத்தவர் மூலையைத் திருப்பினார். அடுத்த மூலையைத் திருப்பினார். "இதுல முத்திரை ஒண்ணும் இல்லீங்களா?" என்று கேட்டார். கேட்டபிறகுதான் தான் கேட்டது அவர் காதில் விழுந்தது. சந்துரு அவரையே பார்த்தார். தொட்டையன் கூரையைப் பார்த்தார். ராமக்காள் வேட்டியை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்தார்.

அந்த வாரமே கொள்ளேகாலிலிருந்து இரண்டு பஸ் பிடித்து நாங்கள் எல்லோரும் மைசூருக்குப் போனோம். நெசவாளர்கள், கடைக்காரர்கள், மஞ்சுநாத், யாரும் பாக்கியில்லை. அலுவலக வாசலில் உட்கார்ந்து, "முத்திரை வேண்டும்! முத்திரை வேண்டும்!" என்று கத்தினோம். எல்லோரையும்விட அதிகமாகப் பாதிக்கப்பட்டவர் என்பதால் ராமக்காளை முன்னால் உட்கார வைத்தோம்.

ஹேமந்த் படியிறங்கி வந்தார். மூடுவதாக இருந்த அலுவலகம் பிழைத்துக்கொண்ட சந்தோஷம் அவர் முகத்தில் தெரிந்தது.

"கட்டாயம் மேலிடத்துக்கு எழுதறேன். எந்த முத்திரை வேணும்? பச்சையா, செவப்பா?"

இதை நாங்கள் யாரும் யோசித்திருக்கவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். கடைசியில் எல்லோரும் ராமக்காளைப் பார்த்தோம். அவர் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தார்.

"ஏதோ ஒண்ணக் குத்திக் குடுங்க சார்" என்றார். "கண்ணுல பாத்து நம்பற பழக்கம் எங்களுக்கும் விட்டுப்போச்சுங்க."

நாங்கள் எல்லோரும் கை தட்டினோம்.